தலைவருக்கு எதிரான முதல் கை

விடியற்காலையில் தொலைபேசி அடித்தது. வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆண் குரல். பெயர் சொல்லவில்லை.

"சுலோஜனா அக்காவோ? நான் உங்கட தம்பி தியாகுவோட வந்தனான்."

"தம்பி எங்கை? தம்பியிட்டக் குடுங்கோ."

"அக்கா... நீரேரியைக் கடந்து வெளியில வர வெளிக்கிட்டனாங்கள். பின்னால இருந்து சுட்டவை."

"பின்னால இருந்தோ?"

"ஓம். எங்கட இயக்கப் பெடியள்தான். போகவேண்டாம் எண்டு கத்தினவை. பிறகு சுட்டவை. தியாகு தண்ணிக்குள்ளையே முடிஞ்சுது அக்கா. மனுசி கிரிஜாவையும் பிள்ளையளையும் திருப்பிக் கொண்டுபோட்டினம். ஒருத்தருக்கும் வாய் திறக்காதேங்கோ. அவையள் இன்னும் உள்ளுக்கை இருக்கினம். கதை வெளியில வந்தால் அதுகளுக்குத்தான்..."

தொடர்பு அறுந்துபோனது.

2009ஆம் ஆண்டு, மார்ச் மாதம். ஜெர்மனியின் வுப்பர்டாலில் பனி கரைந்து, வீதியெல்லாம் சேறாகக் கிடந்தது. சுலோஜனா கட்டிலில் இருந்தபடி கேட்டதையெல்லாம் கணவரிடம் சொன்னாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இண்டைக்குக் கூட்டத்தில எழும்பிச் சொல்லுங்கோ. என்ர தம்பியை ஆர் சுட்டது எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. உங்களைத் துரோகி எண்டு சொன்னவையின்ர வாய் அடையட்டும்."

குணசேகரம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னால் எனக்கு நல்லது. கிரிஜாவுக்கு?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சை பகல் கதைச்சது அங்கை பின்னேரம் போயிடும், சுலோ. உனக்குத் தெரியாததே?"

"அப்ப விளக்கு? கூட்டத்துக்கு நான்தானே விளக்கேத்திறனான். செத்தவீட்டுத் துடக்கோட எப்பிடி ஏத்திறது?"

"ஏத்தாட்டில் ஏன் எண்டு கேப்பினம்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் குளித்து, மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். செத்த வீட்டுக்காரி கட்டுகிற நிறமில்லை என்பதற்காகவே அதை எடுத்தாள்.

வுப்பர்டால் தமிழர் பண்பாட்டு மன்றத்துக்குக் குணசேகரம் சில வருடங்களாகத் தலைவர். ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம், யாராவது செத்தால் பெட்டிக்கும் ஐயருக்கும் ஓட்டம், அகதி வழக்குக்காரருக்கு மொழிபெயர்ப்பு. ஜெர்மனியில் பதிந்த சங்கமென்றால் வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் வைக்க வேண்டும். அதில், 'தலைவரும் நிர்வாகமும் செய்ததை ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்று உறுப்பினர்களைக் கை தூக்கச் சொல்லிக் கேட்பார்கள். என்ட்லாஸ்டுங் என்று அதற்குப் பெயர். மற்ற வருடங்களில் சனம் மேசையிலிருக்கும் ரோல்ஸைப் பார்த்தபடியே கையைத் தூக்கிவிடும்.

இந்த வருடம் அப்படியில்லை. நகரத்துப் பத்திரிகைக்காரன் ஒருவன் போரைப் பற்றிக் கேட்டபோது, "இராணுவமும் இயக்கமும், இரண்டு பக்கமும் சனத்தை வெளியேற விடவேண்டும்" என்று குணசேகரம் சொல்லியிருந்தார். அது அச்சில் வந்த நாளிலிருந்து பள்ளிக்கூட வாசலில் சிலர் அவருடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கூட்டம் ஏற்காட்டில் தலைவர் பதவியை விட்டிட்டுப் போறன்" என்று அவரும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

தேவாலயத்து மண்டபம் நிறைந்திருந்தது. சுலோஜனா குத்துவிளக்கை ஏற்றினாள். ஐந்து திரிக்கும் ஒவ்வொன்றாக நெருப்பு வைத்தாள். எல்லாரும் எழுந்து, போரில் செத்த சனத்துக்காகத் தலைகுனிந்து நின்றார்கள். அப்போதுதான் அவள் சில மூச்சு நேரம் தன் தம்பிக்காக நின்றாள். அழுதாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் அழுதார்கள். அவளால்தான் முடியவில்லை.

உபதலைவர் கனகலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"முதல்ல தலைவரைப் பற்றி ஆராவது சொல்ல விரும்பினால் சொல்லுங்கோ. சுருக்கமாச் சொல்லுங்கோ. போன முறை தம்பிராசா அண்ணை தொடங்கினது எனக்கு இன்னும் காதுக்குள்ள கேக்குது."

சிரிப்பு எழுந்து, சீக்கிரமே அடங்கியது.

யோகம் எழுந்தாள். புருஷன் செத்த பிறகு தனியாக இருக்கிறவள்.

"என்ர மனுசன் ஆஸ்பத்திரியில செத்துக் கிடக்கேக்கை கடதாசியெல்லாம் ஓடித்திரிஞ்சு எடுத்துத் தந்தது இந்தக் குணசேகரம். நான் வேற ஒண்டும் அறியன்."

"அக்கா, அதை ஆர் இல்லையெண்டது?" ரஜிதன் எழுந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர்வலங்களுக்குப் பஸ் ஒழுங்கு செய்கிறவன். இரவெல்லாம் நித்திரையில்லாத கண்கள். "செத்தவீட்டுக்கு அண்ணையை விட்டால் ஆளில்லை. அதை நானும் சொல்லுவன். உயிரோட இருக்கிறவைக்கு என்ன செய்தவர் எண்டுதான் கேக்கிறன்."

"பள்ளிக்கூடம் நடத்தினவர்!" பின்னாலிருந்து ஒரு குரல்.

"நடத்தினவர். பிள்ளையள் ஆனா ஆவன்னா படிக்குதுகள். அங்கை அதே வயசுப் பிள்ளையள் பங்கருக்குள்ள கிடக்குதுகள். அண்ணை, என்ர சின்னம்மா ஆஸ்பத்திரிக்குள்ள செல் விழுந்து செத்தவ. அது ஆர் அடிச்ச செல் எண்டு பத்திரிகைக்காரனுக்குச் சொன்னியளோ?"

"சொன்னனான். முதல் வரியே அதுதான்," என்றார் குணசேகரம்.

"பிறகேன் ரெண்டாவது வரியில எங்கட ஆக்களையும் இழுத்தனீங்கள்?"

"அதுவும் நடக்குது எண்டபடியால்."

"இந்த நேரத்திலையோ? எங்களை அடிச்சுக் கொல்லுற நேரத்தில, நாங்களும் பிழை எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறதோ? நாளைக்கு அவன் ரெண்டும் ஒண்டு எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் போவான்."

மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். சுலோஜனாவுக்குக்கூட அந்தக் கேள்வி பிழையாகப் படவில்லை.

"நான் போன அமைச்சு அலுவலகத்தில எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டவங்கள், தம்பி. 'உங்கட ஆக்கள் சனத்தை விடுகினமோ?' ஓமெண்டு பொய் சொன்னால் மற்றதையும் நம்பமாட்டான். ஆஸ்பத்திரிக்கு அடிச்சதையும் நம்பமாட்டான்."

"நடுவில நிண்டு அங்கையும் இஞ்சையும் திரும்பிக் கழுத்து நோகேல்லையோ அண்ணை?" என்றான் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சனம் நடுவிலதானே நிக்குது," என்றார் குணசேகரம். "அதுகளைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் அங்கை நிண்டுதான் கதைக்கவேணும்."

கனகலிங்கம் தேநீர் இடைவேளை அறிவித்தார். அடிபிடி வரும்போலிருந்தால் தேநீர் கொடுப்பது அவர் வழக்கம்.

யோகம் ஒரு தட்டோடு வந்தாள்.

"இந்தா சுலோ, மட்டன் ரோல்ஸ். சூடா இருக்கு. முகமெல்லாம் வாடிக் கிடக்கு, காலமை சாப்பிடேல்லையே?"

"பிறகு சாப்பிடுறன் அக்கா."

"ஏன், விரதமே? இண்டைக்கு வெள்ளியுமில்லையே."

பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலோஜனா ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள். தம்பியின் உடல் எங்கோ தண்ணீரில் கிடக்க, அவள் இறைச்சியை மென்று விழுங்கினாள். இன்னொன்றும் எடுத்தாள்.

கூட்டம் திரும்பக் கூடியதும் ரஜிதன் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினான்.

"அண்ணை, கோபிக்காதேங்கோ. உங்களுக்கு அங்கை ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை. அதாலதான் இவ்வளவு நிதானமாக் கதைக்க ஏலுது."

குணசேகரம் வாயைத் திறந்தார். சுலோஜனாவைப் பார்த்தார். அவருக்கு உதவுகிற எண்ணத்தில் யோகம் முந்திக்கொண்டாள்.

"ஏன் இல்லை? சுலோவின்ர தம்பி தியாகு குடும்பத்தோட வன்னியிலதானே! எல்லாரும்போல இவையும் நெஞ்சில நெருப்போடதான் இருக்கினம்."

மண்டபம் முழுவதும் சுலோஜனாவின் பக்கம் திரும்பியது.

"எனக்குத் தெரியாது அக்கா," ரஜிதனின் குரல் தணிந்தது. "தம்பியோட கதைச்சனீங்களோ? என்ன சொல்லுறார்? இவர் சொல்லுறமாதிரி ரெண்டு பக்கமும் எண்டோ சொல்லுறார்?"

அவள் எழுந்தாள். மாம்பழ நிறச் சேலையின் ஓரத்தைக் கையில் சுருட்டினாள். கணவர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"லைன் இல்லை," என்றாள். "கதைச்சுக் கன நாள்."

"கதைச்சால் என்ன சொல்லுவார் எண்டு நினைக்கிறியள்?"

காலையில் அவள் கணவரைச் சொல்லச் சொன்னதைத் தானே சொல்லலாம். பின்னாலிருந்து சுட்டவை. நாலு சொல் சொன்னால் போதும். இந்த மண்டபமே வாயடைத்துப்போகும், கணவர் தலைநிமிர்ந்து நிற்பார். பின்னேரம் யாரோ ஒருவர் இங்கிருந்து அங்கே பேசுவார். கிரிஜாவின் பங்கர் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள்.

"எனக்குத் தெரியாது," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். சுலோஜனா ஏன் மழுப்புகிறாள் என்று ஒவ்வொரு முகமும் யோசிப்பதுபோல் அவளுக்குப் பட்டது. புருஷனின் பக்கம்தானோ, தம்பியும் அந்தக் கதைதான் சொல்கிறானோ. இந்தச் சந்தேகமும் பின்னேரம் அங்கே போய்விடும்.

கனகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அப்ப வாக்கெடுப்புக்குப் போவம். சட்டப்படி தலைவர் கை தூக்கேலாது. தலைவரின்ர செயற்பாட்டை ஏற்காதவை முதல்ல கை தூக்குங்கோ."

ஒருவரும் அசையவில்லை. ரஜிதன்கூட ஒரு கணம் தயங்கினான். பெட்டிக்கும் ஐயருக்கும் ஓடித் திரிந்த மனிதரின் முகத்துக்கு நேரே முதல் கையைத் தூக்குவது லேசில்லை.

சுலோஜனா கையைத் தூக்கினாள்.

பிறகு ரஜிதனின் கை, முன்வரிசைப் பெண்ணின் கை, அவளுக்குப் பக்கத்தவளின் கை. மனைவியே தூக்கிவிட்டாள், இனி எங்களுக்கென்ன என்பதுபோல் கைகள் எழுந்தன. யோகம் மட்டும் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, "என்னடி செய்யிறாய்? விசரே உனக்கு?" என்றாள்.

கனகலிங்கம் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். எண்ணத் தேவையிருக்கவில்லை.

குணசேகரம் எழுந்தார். "நன்றி. பள்ளிக்கூடத்தை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ," என்றார். பிறகு நாற்காலிகளை அடுக்கப் போனார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

வாசலில் ரஜிதன் அவளிடம் வந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா, உங்கட மனசு எனக்கு விளங்குது. வீட்டில எவ்வளவு பட்டிருப்பியள். தம்பி குடும்பத்தின்ர பேரைத் தாங்கோ. எனக்குத் தெரிஞ்ச இயக்கக்காரர் உள்ளுக்கை இருக்கினம். கவனமாப் பாக்கச் சொல்லுறன்."

அவன் மனமாரத்தான் கேட்டான். அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

"கிரிஜா," என்றாள். "பிள்ளையள் நிலானி, கஜன்."

"தம்பியின்ர பேர்?"

"தியாகு. தியாகராஜா."

"என்ன செய்யிறார்?"

"வாத்தியார். கணக்குப் படிப்பிக்கிறவர்."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. பத்திரமா இருப்பார்."

"ஓம்," என்றாள் சுலோஜனா.

காருக்குள் குளிராக இருந்தது. குணசேகரம் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் இருந்தார். எதிரே தொங்கு ரயில் ஒன்று ஆற்றுக்கு மேலால் போனது.

"என்ன கேட்டவன்?"

"பேர் கேட்டவன்."

"குடுத்தனியோ?"

"ஓம்."

"எல்லாற்றையுமோ?"

"எல்லாற்றையும்," என்றாள். "தம்பியையும் சேர்த்துத்தான்."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து வராத அழுகை அவருக்குத்தான் முதலில் வந்தது. மண்டபத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"இஞ்சை வேண்டாம்," என்றாள் சுலோஜனா. "பாக்கினம். காரை எடுங்கோ."