சுவருக்கு மேலே வந்த மீன்

வலையில் ஏறிய மீனின் துடுப்பு ஓரம் வெள்ளையாக இருந்தது. டாரா அதைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்க முதுகில் சுமந்திருந்த பெட்டியை நிறுத்தினாள். ஓடை மீன்களைக் காக்கும் எங்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு நாளும் வேலை பார்க்காதவள், அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

வெள்ளை ஓரம் என்றால் புரூக் டிரவுட். எந்தக் காலத்திலோ கிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். அது நுழைந்த மொன்டானா ஓடைகளில் எங்கள் மண்ணின் மீனான கட்த்ரோட் டிரவுட் நிலைப்பதில்லை. அது ஏறி வராமலிருக்கத்தான் ஓடைக்குக் குறுக்கே சுவர் கட்டினோம். சுவருக்கு மேலே, ஓடை இறங்கி வரும் பக்கம், மீன்கொல்லி மருந்து ஊற்றி, அங்கிருந்த மீனையெல்லாம் கொன்றோம். ஒரு வருடம் ஓடை வெறுமையாகக் கிடந்தது. பிறகு மலையில் மிச்சமிருந்த ஒரே கிளையோடையிலிருந்து கட்த்ரோட் முட்டைகளைக் கொண்டுவந்து மேற்பகுதியில் வைத்தோம். போன கோடையில் அந்த மலைக்காடு எரிந்தது. மழையில் கரி இறங்கிக் கிளையோடை செத்தது. அந்த வம்சத்தில் மீதி இங்கே இருந்தவை மட்டும்தான்.

நிலம் மார்வாவுடையது. சுவருக்கு இடம் கொடுத்தவன் அவள் கணவன் டெல்பர்ட். ஓடை வெறுமையாகக் கிடந்த அந்த வருடத்தில் அவன் செத்தான். அஸ்தியை வீட்டுக்குப் பின்னால், சுவருக்குச் சற்று மேலே இருந்த மடுவில் தூவினார்கள். இதுவரை மேற்பகுதியை மட்டுமே சோதித்து வந்த நாங்கள், அன்றுதான் மடு வரை இறங்கியிருந்தோம்.

டாரா வாளியைக் கொண்டுபோய் மார்வாவிடம் காட்டினாள்.

"சுவர்ல விரிசலா?" என்றாள் மார்வா.

"சுவர் நல்லாத்தான் இருக்கு. யாரோ தூக்கிட்டு வந்து விட்டிருக்காங்க."

வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த ஹார்லன் குறடைக் கீழே வைத்தான். டெல்பர்ட்டின் தம்பி.

"நான்தான்."

"நீயா?" டாராவுக்கு வாய் திரும்பி வந்தது. "சுவர் எதுக்குன்னு நான் கூட்டம் போட்டுச் சொன்னப்ப முன்வரிசையில உக்காந்து டோனட் தின்னது நீதானடா, தடியா? டோனட் மட்டும்தான் உள்ள போச்சா?"

ஹார்லன் மார்வாவைத்தான் பார்த்தான். "நீ தினம் மடுகிட்ட போய் உக்காந்தே. தண்ணியில ஒரு பூச்சிகூட இல்ல. செத்த தண்ணியில அவனை விட்டுட்டோமேன்னு அழுதே. ரோட்டுப் பாலத்துக்குக் கீழ நாலஞ்சு மீன் பிடிச்சு, பீர் வைக்கிற பெட்டியில கொண்டுவந்து விட்டேன். துணைக்கு இருக்கட்டும்னுதான்."

"மடுவில மீனைப் பார்த்தப்ப டெல்பர்ட் அனுப்பினதுன்னு நினைச்சேன்," என்றாள் மார்வா. "சர்ச்சுல எழுந்து நின்னு சொன்னேன், ஹார்லன். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்தே."

அவள் டாரா பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"நம்ம மீன்ல கைக்குக் கிடைச்சதைப் பிடிச்சுத் தொட்டியில வைப்போம். பாதிகூடக் கிடைக்காது. அடுத்த கோடையில மறுபடி மருந்து."

"ஊத்தலேன்னா?"

"கொஞ்ச வருஷத்துல வெள்ளை ஓரம் மட்டும்தான் மிஞ்சும்."

"ஊத்துங்க," என்றாள் மார்வா. "மடுவிலயும்தான்."

பொழுது சாயும்வரை பிடித்தோம். சின்ன மீன்கள் கல்லுக்கடியிலேயே கிடந்துவிட்டன. மின்சாரத்துக்கு அவை வெளியே வருவதில்லை. அவை இனி மருந்தில் சாக வேண்டியதுதான். யாரும் கூப்பிடாமலே ஹார்லன் தண்ணீரில் இறங்கி வாளி பிடித்தான்.

மார்வா எங்களுக்கு மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறினாள். ஹார்லனுக்குத் தட்டு வைக்கவில்லை. அவன் ஈர பூட்ஸோடு சமையலறை வாசலில் நின்று, மீன் தொட்டி லாரியைத் தான் ஓட்டட்டுமா என்று கேட்டான். டாரா வேண்டாம் என்றாள்.