வட்ட சீல்

அஸ்கர் அலி ஏணியின் உச்சியில் நின்று சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். டிரில்லிங் மெஷின் அலறும்போதெல்லாம் செங்கல் தூள் கொட்டி, கீழே மேஜையில் விரித்துக் கிடந்த லீவு ரிஜிஸ்டரின் மேல் படிந்தது. டைம் ஆபீஸ் கிளார்க் ஷைனி அதைக் கையால் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த பிடி விழுந்தது. டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே காலை ஷிப்டு ஆட்கள் பதினைந்து பேர் வரிசையில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. அந்த ஜூன் மாதம் ஆலைக்குள்ளேயே மெயில் அனுப்பிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். மொத்தம் பதினோரு கம்ப்யூட்டர். அத்தனைக்கும் தலைமை மெஷின் ஒன்று, பெர்சனல் மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் ஏசி போட்ட அலமாரி மாதிரி அறைக்குள் உட்கார்ந்திருந்தது. மனிதருக்கு மின்விசிறி சுற்றாத ஷெட்டில், அதற்கு மட்டும் இரவு பகலாகக் குளிர்காற்று.

அஸ்கர் அலி பழவேற்காட்டுக்காரன், மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். வந்த முதல் நாளே அவன் ஏணி காணாமல் போனது. இரண்டாம் நாள், இழுத்து வைத்த கேபிளை யாரோ நான்கு இடத்தில் நறுக்கிப் போட்டிருந்தார்கள். மெயில் வந்தால் ஆட்குறைப்பு வரும் என்று ஷெட்டில் பேச்சு. கேண்டீனில் அவன் டீ கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை, யார் முறைத்தாலும் திருப்பி முறைத்துவிட்டு ஓட்டை போடுவான்.

ஆனால் ஆட்கள் பயந்தது ஒன்று, வந்தது வேறொன்று. ஒன்றாம் தேதியிலிருந்து டைம் ஆபீஸில் காகிதம் வாங்கப்படாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். லீவோ, புகாரோ, ஜன்னலுக்கு வந்து சொல்ல வேண்டியது. ஷைனி அதை இங்கிலீஷில் அடித்து மேனேஜருக்கு மெயில் அனுப்புவாள். முந்நூற்று நாற்பது ஆட்களுக்கு மெயில் முகவரி கிடையாது. அவள் வாய்தான் அவர்கள் முகவரி.

அதுவரை அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எதையும் இரண்டு காப்பியாக எழுதிக் கொடுப்பார்கள். ஒன்றை ஷைனி வாங்கிக்கொண்டு, மற்றதில் டைம் ஆபீஸின் வட்ட சீலைக் குத்தித் திருப்பித் தருவாள். அந்தக் காப்பியை மடித்து வீட்டுப் பெட்டியில் ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்வார்கள். சீல் இல்லாமல் கொடுத்த காகிதம் என்ன ஆகும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

ஷைனிக்கே அது உறுத்தத்தான் செய்தது. ஏணியிலிருந்து இறங்கிய அஸ்கர் அலியிடம், அனுப்பியதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள்.

"மேடம், மெயில் போனா போனதுதான். நாள், மணி எல்லாம் அதுல இருக்கும். மேனேஜரு தொறந்து படிச்சாருன்னா, படிச்சாருன்னு உங்களுக்கே தகவல் வர்ற மாதிரி வச்சிக்கிறேன். காகிதத்த கிழிச்சிப் போடலாம், இத்த இன்னா பண்ண முடியும்?"

அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், ஜன்னலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

முதல் வாரத்திலேயே சடையப்பன் வந்தான். பதினாறு வருஷமாக அந்த ஷெட்டில் கம்பிக்கட்டுகளைக் கிரேனில் மாட்டிவிடுகிற ஆள். வழக்கம்போல இரண்டு காப்பி எழுதி எடுத்து வந்திருந்தான். இரண்டாம் நம்பர் கிரேனின் கொக்கி வாயை மூடுகிற தகடு உடைந்துவிட்டது, கம்பிக்கட்டைத் தூக்கும்போது கம்பிக்கயிறு நழுவிக்கொண்டு வருகிறது, மாற்றித் தர வேண்டும் என்று விவரம். காகிதம் வாங்கக்கூடாதென்று ஷைனி அதைப் படித்துப் பார்த்து இங்கிலீஷில் அடித்தாள். பட்டனைத் தட்டினாள். போய்விட்டது என்றாள்.

சடையப்பன் நகரவில்லை. "சீலு?" என்றான்.

மெயிலுக்கு சீல் கிடையாது என்று அவள் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து மறுபடி சீல் என்றான். பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று ஒருவன் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"இந்தாம்மா, உன்னிய நான் குத்தம் சொல்லல," என்றான் சடையப்பன். "நீ சொல்ற, நான் கேட்டுக்கினேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நீயும் வாயால சொல்லுவ, நானும் வாயால சொல்லுவேன். அவன் கையில பேனா வச்சிக்கினு இருப்பான்."

ஷைனிக்கு ஆத்திரம் வந்தது. சனியன் தொலையட்டும் என்று அந்த மெயிலைப் பிரிண்டரில் கொடுத்தாள். ஓரத்தில் வரிசையாய் ஓட்டை போட்ட காகிதம் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. கேட் பாஸுக்காக இன்னும் டிராயரிலேயே கிடந்த வட்ட சீலை எடுத்து, மேஜை அதிரக் குத்தி நீட்டினாள். அதில் இருந்த இங்கிலீஷ் ஒரு எழுத்துகூட அவனுக்குப் புரியாது. சீல் முழுசாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ஊதிக் காயவைத்து எடுத்துப் போனான்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. மெயில் போகும், பிரிண்ட் வரும், சீல் விழும். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பது ஷைனிக்குத் தெரியும். செய்யாதே என்றும் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வரிசை சண்டை இல்லாமல் நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

கிரேன் மெயிலை மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு மேனேஜர் திறந்து படித்தார். படித்தார் என்ற தகவல் அவள் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதற்கப்புறம் எல்லாம் கிணற்றில் போட்ட கல். பத்தொன்பது நாள் கழித்து, இரண்டாம் நம்பர் கிரேனிலிருந்து கம்பிக்கட்டு நழுவி சடையப்பன்மேல் விழுந்தது. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை எடுத்தார்கள்.

நான்காம் நாள் அவன் வீட்டுக்கு நோட்டீஸ் போனது. அது மட்டும் காகிதத்தில்தான் போனது. கயிற்றைச் சரியாக மாட்டாத அஜாக்கிரதையால் விபத்து, ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். கிரேனில் கோளாறு என்று யாரும் எந்தக் காலத்திலும் புகார் சொன்னதில்லையாம். ஷெட்டு ஆட்களுக்கு அவள் மேல்தான் கோபம். காகிதத்தையே வாங்கியிருந்தால் இந்தப் பேச்சு வருமா என்று ஜன்னல் வழியாகவே கேட்டார்கள். புதுவாயலிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோவில், தினமும் பக்கத்தில் உட்காருகிற செல்விகூட இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஷைனிக்கு ஒரு தைரியம் இருந்தது. மெயில் இருக்கிறதே என்று நினைத்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து, அனுப்பியவை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அந்த மாதம் முழுவதும் வெறுமையாக இருந்தது. லீவு மெயில்கூட ஒன்றுமில்லை. வழித்துத் துடைத்திருந்தார்கள்.

ஏசி அறைக்குள் அஸ்கர் அலி கீழே உட்கார்ந்து ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்தான். காலையிலேயே அவனை வரவழைத்திருந்தார்கள். அவள் கதவருகே நிற்பதைப் பார்த்தும் தலை நிமிரவில்லை.

"யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னியே பாய்," என்றாள். "யாரு பண்ணது?"

"மெஷின்ல எடம் ரொம்பிப் போச்சி. கிளீன் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன்."

"ஒரு மாசத்துலயா ரொம்பிடும்? அந்த ஆளுக்குக் கை போயிருக்குது, தெரியுமா?"

அவன் ஒரு ஒயரைப் பல்லால் கடித்துத் துப்பினான். "நான் கூலிக்கு வந்தவன். வேலை முடிஞ்சிதுன்னு மேனேஜரு கையெழுத்துப் போட்டாத்தான் எங்க ஆபீஸ்ல எனக்கு அடுத்த வேலை. ஏணிய ஒளிச்சி வச்சானுங்களே, அப்ப எவன்னா வந்து என்னிய கேட்டானா? போங்க மேடம், பேஜாரு பண்ணாதீங்க."

பழவேற்காட்டில் பிறந்தவனுக்குக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன. அவனை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவன் நம்பச் சொன்னதை ஊருக்கெல்லாம் நம்பச் சொன்னது தான்தானே என்று நினைத்தபோது, அந்த அறை தனக்கே விழுந்தது போல இருந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில், ஓட்டை போட்ட காகிதம் ஒன்றின் ஜெராக்ஸ் கிடந்தது. சடையப்பன் மனைவி கங்கம்மா அசலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜெராக்ஸை மட்டும் சில நாள் முன்பே தபாலில் அனுப்பியிருந்தாள். வட்ட சீல் அதில் கறுப்பாகத் தெளிவாக விழுந்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். வியாழக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார் என்றார். ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். விபத்துக்குப் பிறகு சடையப்பன் குடும்பத்தார் அழுது கேட்டதால், பரிதாபப்பட்டு, கம்ப்யூட்டரில் தேதியை மாற்றி இப்படி ஒன்றை அடித்து சீல் வைத்துக் கொடுத்தேன் என்று இருந்தது. கீழே அவள் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு ஒரு வார்னிங், அவ்வளவுதான்," என்றார். "நீ கான்ட்ராக்ட்ல இருக்கே. ஒண்ணாம் தேதியிலேர்ந்து பெர்மனென்ட் பண்றதுக்கு நானே எழுதறேன்."

மூன்று வருஷமாக அவள் காத்திருந்தது அந்தச் சொல்லுக்குத்தான். இப்படி வந்து சேரும் என்று நினைக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இங்கிலீஷ் நன்றாக இருந்தது, ஒரு பிழை இல்லை.

"அந்த மெயில நீங்க படிச்சீங்க சார்," என்றாள். "மறுநாள் காலைல பத்து நாப்பதுக்குப் படிச்சீங்க. எனக்குத் தகவல் வந்துது."

"எங்கே இருக்கு? காட்டு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே சோறும் அவருடையது, பூசணிக்காயும் அவருடையது. கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

கம்பெனி சீலை அனுமதியில்லாமல் உபயோகித்ததால் அந்த நிமிஷத்திலிருந்து வேலை இல்லை என்றார். வட்ட சீலை எடுத்துவரச் சொல்லி வாங்கி, தன் டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் டைம் ஆபீஸுக்குத் திரும்பியபோது கம்ப்யூட்டர் அவள் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. மேஜை ஓரத்தில், சுவர் ஓட்டையிலிருந்து கொட்டிய செங்கல் தூள் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சாப்பாட்டுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஷெட்டில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வேலையை நிறுத்தவில்லை.

மணி பன்னிரண்டு. கேட்டில் வாட்ச்மேன் கை நீட்டினான்.

"கேட் பாஸ்."

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றாள்.

"அத்த நான் கேக்கல. ஷிப்டு முடியறதுக்குள்ள வெளிய போகணும்னா பாஸ் வேணும். டைம் ஆபீஸ் சீலு போட்டு எடுத்தாம்மா. உனக்குத் தெரியாததா."

சீல் மேனேஜர் டிராயரில் இருக்கிறது என்றாள். அப்படியானால் அவர் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றான். மேனேஜர் கார் சற்று முன்புதான் வெளியே போயிருந்தது.

தோள் உயரக் கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கங்கம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, முந்தானை முழுதும் வியர்வை. பால் கவரைக் கிழித்துக் கழுவி, அதற்குள் அந்தக் காகிதத்தை வைத்திருந்தாள். ஷைனியைப் பார்த்ததும் முகம் இறுகியது. பிறகு பையையும் குடையையும் பார்த்தாள். கம்பி இடுக்கு வழியாகக் காகிதத்தை வாட்ச்மேனிடம் நீட்டினாள்.

"நைனா, ஜெராக்ஸ் செல்லாதுன்னு நோட்டீஸ் வந்துச்சி. அசல் எடுத்தாந்துக்கிறேன். உள்ள கொண்டுபோய்க் குடு."

வாட்ச்மேன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆள் மோசமில்லை, முழுசாகவே பார்த்தான்.

"சீலு எல்லாம் கரெக்டாத்தான் கீது," என்று திருப்பிக் கொடுத்தான். "ஆனா பேப்பர் உள்ள வாங்கறதில்லம்மா. இப்ப எல்லாம் மெயில்தான்."

அவள் காகிதத்தைப் பால் கவருக்குள் வைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டை விட்டு நகராமல் நின்றாள். இந்தப் பக்கம் ஷைனி குடையை விரித்தாள். கேட்டின் நிழல் கால் அடி அகலம்கூட இல்லை. கம்பிக்கு மேலாகக் குடையை எட்டிப் பிடித்தாள், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஷெட்டில் இரண்டாம் நம்பர் கிரேன் மணியடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. வாட்ச்மேன் நாற்காலியைத் தன் அறைக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.