பெயரை மறைக்கும் வேலை

மார்ச் நான்காம் தேதி, வியாழக்கிழமை, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. அரசுக் கட்டடங்களில் உள்ள அரசியல்வாதிகளின் பெயர்களை இரண்டு நாளில் மறைக்கும்படி மறுநாள் நகராட்சி அலுவலகப் பலகையில் உத்தரவு ஒட்டப்பட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெயின்டர் பேருந்து நிலையத்தின் கிழக்குச் சுவரில் ஏணியைச் சாய்த்தார். அமைச்சரின் பெயர் அங்கே இரண்டடி உயரச் சிவப்பு எழுத்துகளில் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் அதை எழுதியவரும் இதே பெயின்டர்தான். ஏணியின் அடியை அணைத்துப் பிடித்திருந்த மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"எழுதுறப்ப என்ன சொன்னீங்க? இடி விழுந்தாலும் போகாதுன்னு. இப்ப அழிங்க பாப்போம்."

"ஏணிய ஒழுங்காப் பிடி. என் மானத்த அப்புறம் வாங்கலாம்."

நகராட்சி ஓவர்சியர் வண்டியில் சுண்ணாம்பு மூட்டையோடு வந்தார். பெயின்டர் இறங்கினார்.

"சார், கீழ இருக்கிறது ஆயில் பெயின்ட். மேல சுண்ணாம்பு ஒட்டாது. ரெண்டு மழைக்கு உரிஞ்சு, பேரு பல்லக் காட்டும். அலுமினியம் பெயின்ட் ஒரு கோட்டு, மேல வெள்ளை ஒரு கோட்டு. ஒரே தடவைல முடிஞ்சுடும்."

"உரியட்டும்ப்பா. உரிஞ்சா மறுபடி அடி. தேர்தல் முடியறதுக்குள்ள மூணு பில்லு போடலாம். உனக்கும் மூணு கூலி. பன்னெண்டு பஸ் நிழற்குடை இருக்கு, அதையும் உன் பேர்லதான் எழுதி வச்சிருக்கேன்."

நிழற்குடைகள் கிடைத்தால் ஒரு மாத வேலை. ஜனவரியிலிருந்து அவருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை இருந்தது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உன் வீட்டுக் காசா போகுது?"

"ஆமா சார், எங்க காசுதான்," என்றாள் மனைவி. "இந்த பிரஷ்ஷுக்குக்கூட வரின்னு பில்லுல தனியாப் போட்டுத்தான் வாங்கினான் கடைக்காரன்."

ஓவர்சியர் சிரித்தார். பெயின்டர் பைக்குள்ளிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தார். ஒரு கேட் வேலையில் மிஞ்சிய அலுமினியமும் வெள்ளையும். மூடியை நெம்பித் திறந்து குச்சியால் கலக்கினார்.

"என் எழுத்து சார் இது. நான் மூடினப்புறம் அது எட்டிப் பாத்துச்சுன்னா எனக்குத்தான் கேவலம்."

"அப்ப நிழற்குடைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாத்துக்கங்க சார்."

பெயரின் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். மதியத்துக்குள் பெயர் வெள்ளி நிறமானது. அது காய்ந்ததும் வெள்ளை அடித்தார். மனைவி சாலையின் எதிர்ப்பக்கம் போய், தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒரு புள்ளிகூடத் தெரியலங்க!"

அவரும் போய் அவள் அருகில், கைகளை இடுப்பில் ஊன்றி நின்றார். இரண்டு பேருந்துகள் கடந்து போகும்வரை நகரவில்லை.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. அதற்குள் நான்கு முறை மழை பெய்திருந்தது. கிழக்குச் சுவரில் எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு நிழற்குடைகளுக்கும் மும்மூன்று முறை சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. மூன்று பில்களும் பாஸாயின. உத்தரவில் அலுமினியம் பெயின்ட் இல்லை என்று குறிப்பெழுதி, பெயின்டருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கான ஒரு நாள் கூலி மட்டும் தரப்பட்டது.