தெருவுக்கு ஒரு சந்தோஷம்

சௌடேஸ்வரியின் சந்தோஷம் இனி தெருவுக்குப் பொது என்று திங்கட்கிழமை காலையில் முடிவாயிற்று. அவளைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சிமென்ட் தரையில் மல்லாந்து, இரண்டு காலையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா கிடப்பாள். அந்தத் தெருவில் இருந்த ஒரே சந்தோஷம் அதுதான் என்று அளந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

சந்தோஷத்தை அளக்கும் துறையிலிருந்து ஓர் ஆள் ஒயர்ச் சுருளோடு வந்தார். கூடவே தெருச் சங்கத் தலைவர் சென்னியப்பன்.

"இடது காலை நீட்டுங்க" என்றார் துறை ஆள்.

"எதுக்குங்க?"

"நாப்பத்தொரு வீடு காத்துக்கிட்டு இருக்குது. கேள்வி கேட்டா லைன்ல சத்தம் வரும்."

ஒயரின் ஒரு முனையைப் பெருவிரலில் கட்டினார். மறுமுனை நாற்பத்தொன்றாகப் பிரிந்து ஜன்னல் வழியே வீடு வீடாகப் போயிற்று.

"எனக்குன்னு கொஞ்சம் நிக்குமுங்களா?"

"நீங்களும் இந்தத் தெருவுலதான குடியிருக்கறீங்க?" என்றார் சென்னியப்பன். "உங்களுக்கும் பங்கு உண்டு. நாப்பத்திரண்டுல ஒண்ணு."

வாரத்துக்கு அரைமணி நேரம் தெருவுக்குப் போதவில்லை. சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்கு மட்டும் தினமும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கதவுக்கு வெளியே புதன், உள்ளே ஞாயிறு. வேலைக்குப் போனாள். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் தடுத்தார்.

"ஞாயித்துக்கெழமைல இருந்து வர்றவங்களை உள்ள விடக் கூடாதுங்க்கா."

திரும்பி வந்து காலைத் தூக்கிச் சுவரில் வைத்தாள். சுவர் ஓர் அடி பின்னால் போயிற்று. அவளும் ஓர் அடி நகர்ந்து படுத்தாள். தினமும் அப்படியே நடந்தது. அறை நீண்டுகொண்டே போனது.

எதிர்வீட்டுப் பொன்னாத்தாள் ஒருநாள் ஜன்னலைத் தட்டினாள்.

"ஏனுங்க்கா, நேத்துக் கடைசி அஞ்சு நிமிசம் என்னத்தை நெனச்சீங்க? எங்கூட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல."

"செத்துப்போன எங்கம்மாவை நெனச்சேன்."

"அதெல்லாம் லைன் ஓடறப்ப வேண்டாமுங்க்கா."

பதினாறாம் நாள் ஒன்றுமே வரவில்லை. தரை இருந்தது. சுவர் இருந்தது. சந்தோஷம் இல்லை.

தெரு திரண்டு வந்தது. கூடவே மீட்டரோடு துறை ஆளும். நாற்பத்தொரு வீட்டாரும் தத்தம் ஒயர் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் நின்றார்கள். அறை அத்தனை பேருக்கும் இடம் கொடுத்தது. பொன்னாத்தாள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். சென்னியப்பன் தோளை மிதித்தார்.

"சந்தோசப்படு" என்றார். அன்றுவரை வாங்க போங்க என்றவர் அவர்.

"வரமாட்டேங்குதுங்க."

"உலகமே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஓடுது. உனக்கு மட்டும் என்ன கேடு?"

யாரோ ஒயரைச் சுண்டி இழுத்தார்கள். பெருவிரல் நீலம் பாய்ந்தது.

கீழே கிடந்தபடி அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் இவர்களுக்குப் பால் வாங்கி வைத்திருக்கிறாள். வீட்டுச் சாவியை வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். எழவு வீட்டில் கூடவே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இவர்களில் ஒருவரைக்கூடத் தனக்குப் பிடிக்காது என்பது இப்போது தெரிந்தது. எள்ளளவும் பிடிக்காது.

அந்த நினைப்பு அடிவயிற்றில் வெதுவெதுவென்று பரவியது. உடம்பு லேசாயிற்று. ஒயர் விம்மியது.

முதலில் பொன்னாத்தாள் சிரித்தாள். பிறகு சென்னியப்பன். பிறகு எல்லாரும்.

துறை ஆள் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "இத்தன நாளா இதை எங்கீங்க்கா வெச்சிருந்தீங்க?"

சிரித்த முகத்தோடு அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவசரமில்லாமல், அளவெடுப்பதுபோல. பக்கத்தில் நிற்பவரை அவர்களுக்கும் எள்ளளவும் பிடிக்கவில்லை. சென்னியப்பன் போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டார்.

சௌடேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அனுப்பினாள்.