உர்தன்பிதே: பன்றியா, தண்ணீரா?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் எதிர்வீட்டிலிருந்து எடுத்தேன். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், தொலோசா ஊரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை. என் இலக்கியப் பயிற்சி அவ்வளவுதான்.

முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "பாஸ்க் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை முன்னோர் வாழ்ந்த வீட்டின் பெயர்களே, அவற்றின் பொருள் குறித்து அறிஞர்கள்—"

எனக்கே கொட்டாவி வந்தது. அறிஞர்கள் காத்திருக்கட்டும். எதிர்வீட்டில் குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

2

தாய் மத்தாலென் உர்தன்பிதே, பல் மருத்துவரிடம் உதவியாளர். தகப்பன் எனெகோ எச்சேபெர்ரியா, பேருந்து ஓட்டுநர். இங்கே பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. எது முதலில் என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் முதலில் நிற்பதுதான் பேரப்பிள்ளைகள்வரை போகும். இவர்கள் பதிவு அலுவலகத்திலேயே சண்டை போட்டதால் மூன்று நாள் கெடு கிடைத்தது. அதற்குள் ஒத்துப்போகாவிட்டால் அலுவலரே முடிவு செய்துவிடுவார்.

எச்சேபெர்ரியா என்றால் புது வீடு. சந்தேகத்துக்கே இடமில்லாத பெயர். தெருவுக்கு நாலு பேர் உண்டு. உர்தன்பிதேயில் 'பிதே' வழி, அதில் தகராறு இல்லை. முன்பாதியைப் பன்றி என்கிறார் அறிஞர் ஒருவர். 'பெரிய தண்ணீர்' தேய்ந்து அப்படி ஆனது என்கிறார் இன்னொருவர். நீலம் என்று மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார்.

[நான் இங்கே வந்து பத்தொன்பது வருடமாகிறது. என் குடும்பப் பெயர் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். அப்பா பெயர் என்று விளக்கினேன். "மிச்ச எழுத்தெல்லாம் எங்க?" என்று கேட்டாள் மத்தாலென்.]

3

முதல் வரைவில் எனெகோவைப் பிடிவாதக்காரனாக எழுதியிருந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. அவன் கேலிக்காரன், தான் எங்கே குத்துகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

"நம்ம பொண்ணு ஆயுசுக்கும் பன்னிப் பாதைன்னு கையெழுத்துப் போடணுமா?"

"உங்க புது வீடு கட்டி நானூறு வருஷம் ஆச்சு. இன்னுமா புதுசு?"

இது அவர்களுடைய வழக்கமான ஆட்டம். அன்று மத்தாலென் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். ஏப்ரலில் அவள் அப்பா இறந்துபோனார். அண்ணன் தம்பி கிடையாது. அந்தப் பெயரோடு வேறு யாரும் மிச்சமில்லை.

"என்னோட இந்தப் பேரு முடிஞ்சிடும்டா. அவ்வளவுதான்" என்றாள்.

எனெகோ என் கதவைத் தட்டி, மலைமேல் உர்தன்பிதே என்ற அந்த வீடு இன்னும் இருக்கிறது, போய்க் கேட்டுவிடலாம், உங்கள் காரை எடுக்க முடியுமா என்று கேட்டான்.

4

உர்தன்பிதே வீட்டில் இப்போது இருப்பவர்கள் உர்தன்பிதேக்கள் அல்லர். மிகேலா என்ற ஐம்பது வயதுப் பெண் வாசலில் சிவப்பு மிளகாயைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். வந்த காரணத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"பன்னி ஓட்டிட்டுப் போற வழி. இதுல கேக்க என்ன இருக்கு?" குழந்தையை எட்டிப் பார்த்தாள். "பாவம், இந்தப் பன்னிக்குட்டிக்கும் அதே பேரா?"

எனெகோவின் காது சிவந்தது. "தண்ணிங்க. பெரிய தண்ணி. படிச்சவங்க சொல்லியிருக்காங்க."

இருபத்திரண்டு வருடமாக இங்கே இருப்பதாகவும், ஓர் ஓடையைக்கூடப் பார்த்ததில்லை என்றும் மிகேலா சொன்னாள்.

"அப்ப வத்திப்போயிருக்கும்" என்றான் அவன், விட்டுக்கொடுக்காமல். வாரம் முழுக்கப் பன்றி பன்றி என்று சொன்ன அதே வாய்.

மத்தாலென் பிரசவத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "பன்னியாவே இருக்கட்டும்டா. எங்கப்பா அதுக்கு ஒருநாளும் வெக்கப்படல."

[பரணில் பழைய ஆவணம் கிடைத்து, பெயரின் பொருள் விளங்கியதாக இந்த இடத்தில் அரைப் பக்கம் எழுதினேன். பொய். கிடைத்தது ஒரு சரம் மிளகாய்.]

5

மறுநாள் காலை அவர்களோடு நானும் பதிவு அலுவலகம் போனேன். எனெகோ பேனாவை வாங்கினான். உர்தன்பிதே முதலில், எச்சேபெர்ரியா இரண்டாவதாக. மத்தாலென் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

கதையை இங்கேயே முடித்திருப்பேன். அலுவலர் விடவில்லை.

"குழந்தை பேரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாளாகச் செல்லம், உருண்டை என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். குடும்பப் பெயர்ச் சண்டையில் படிவத்தின் முதல் கட்டத்தை யாருமே பார்க்கவில்லை. [நானும்தான். மேலே போய்ப் பாருங்கள், எல்லா இடத்திலும் 'குழந்தை' என்றே எழுதியிருக்கிறேன்.]

அலுவலர் நாற்காலியில் சாய்ந்தார். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தன் மாமியார் பெயரைச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று தானே திரும்ப வாங்கிக்கொண்டார்.

எனெகோ என் பக்கம் திரும்பினான். "நீங்கதான் கதை எழுதுறவராச்சே. ஒண்ணு சொல்லுங்களேன்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்கு?