இம்மானுவேலின் வாசனை

இம்மானுவேலை அடக்கம் செய்த பிறகும் அவன் வாசனை வீட்டை விட்டுப் போகவில்லை. முதல் ஷிப்ட் பஸ் புதுவாயலில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற மத்தியான வேளையில், யாரோ ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தது போல வாசற்பக்கம் வெனிலா மணக்கும். நாத்தனார் அவன் துணிகளையெல்லாம் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவன் மனைவி ஜெனிபர் தரையை டெட்டால் ஊற்றிக் கழுவியும் பார்த்தாள். மறுநாளும் மணத்தது. அதன் பிறகு அவள் கழுவவில்லை. அந்த நேரத்துக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவன் பார்த்த வேலை அப்படி. மரத்தைக் காகிதமாக்கும்போது மில்லுக்கு நார் மட்டும்தான் வேண்டும். மரத்தை விறைப்பாக நிற்க வைக்கிற லிக்னின் கறுப்புத் தண்ணீரோடு கழிந்துவிடும். அதிலிருந்து பிரித்தெடுத்த பழுப்புத் தூள் எளாவூர் வழியாக லாரியில் அவன் கம்பெனிக்கு வரும். காஸ்டிக் சோடாவோடு சேர்த்து, மூடிய கலனில் கொதிக்க வைத்து, காற்றை அழுத்தி உள்ளே விட்டால் லிக்னின் உடைந்து சிதறும். அதில் ஒரு பங்குதான் பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிற வெனிலின். மிச்சம் பிளைவுட் ஒட்டும் பசைக்குப் போய்விடும். ஒருநாள் அந்தக் கலனின் குழாயில் மூட்டை அடைக்கிற கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. எதிரே நின்றிருந்தவன் இம்மானுவேல்.

கம்பெனி அவளுக்கு வேலை தந்தது. பேக்கிங்கில் உட்காரச் சொன்னார்கள். ஜெனிபர் கலன் பக்கமே வேண்டும் என்றாள். அங்கே ஆப்பரேட்டராக இருந்த குப்புராஜ் இம்மானுவேலோடு ஒன்றாக வேலை பார்த்தவர். அவர் முகம் செத்துவிட்டது.

"வேணாம்மா. அந்த எடத்துல நின்னினு தெனமும் அதையே பாத்துகினு இருந்தா உனுக்குப் பேஜாராய்டும்."

அவள் கேட்கவில்லை. குழாய்க்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முதல் நாள் கலனைத் திறந்தபோது எழுந்த வாசனையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவன் பின்னால் வந்து கழுத்தில் முகம் வைத்தது போலவே இருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தாள்.

ஆனால் ஒரு மாதத்துக்குள் வாசனை மங்கி, பிறகு அடியோடு நின்றுபோனது. கலனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குப்புராஜிடம் கேட்டாள். கலன் நன்றாகத்தான் ஓடுகிறது, மூக்குதான் பழகிவிட்டது என்றார் அவர்.

"எங்க யாருக்குமே தெரியாதும்மா. ஊட்ல சொன்னாத்தான் உண்டு."

அப்படியானால் இம்மானுவேலுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் தன் மேல் என்ன மணத்தது என்று தெரியாமலே அவன் போய்விட்டான். இது அவளை அவன் சாவைவிட மோசமாக உலுக்கியது. வீட்டிலும் இப்போது அவளுக்கு எதுவும் மணக்கவில்லை. வாசலில் நின்று நாய் போல மோந்து பார்த்தாள். கையிலிருந்ததைத் தானே தொலைத்துவிட்டோம் என்று பட்டது.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம், ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்தவளைத் தாண்டி வெளியே பார்த்துக்கொண்டு மகள் ஸ்நேகா சிரித்தாள். ஏழு வயதுப் பெண், பள்ளிக்குக் கோடை லீவு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று ஜெனிபர் கேட்டாள்.

"அப்பாவ. தெனமும் உன் பின்னாடிதான் வராரு. நீதான் திரும்பியே பாக்க மாட்டன்ற."

ஜெனிபர் சட்டென நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வெயில் காய்கிற ரோடுதான் இருந்தது.

மறுநாள் முதல் அவள் கம்பெனியிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை பயப்படக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பயந்தது தான்தான் என்பதும் தெரியும். ஸ்நேகா வாசலுக்கு ஓடி வந்து, அம்மாவின் இடுப்பில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, முகம் வாடி உள்ளே போனாள். அப்பாவை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டாள். சோற்றைப் பிசைந்தபடியே விட்டுவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கேட்கக்கூட இல்லை, வாசலுக்கே வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஜெனிபர் குளிக்கவில்லை. பழுப்புத் தூள் அப்பிய வேலைச் சட்டையோடு அப்படியே பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரி, பாயசம் ஏதாவது எடுத்துப் போகிறாயா என்று கேட்டாள். ஜெனிபர் தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவைத் திறந்ததும் ஸ்நேகா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவள் கண்கள் அம்மாவின் தோளுக்கு மேலே போய் நின்றன.

ஜெனிபர் திரும்பவில்லை.

"இன்னாடி பண்றாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஷூ கழட்டிகினு இருக்காரு."

ஜெனிபர் சுவரோடு ஒட்டி நகர்ந்து, உள்ளே வர வழி விட்டாள்.