சுடாத துப்பாக்கியின் தேய்மானம்

நாடீன் தன் செத்துப்போன புருஷனின் ரிவால்வரை விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதுமே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தீவனக் கடை வாசலில் நின்ற க்ளீட்டஸ் வண்டியை மறித்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"துப்பாக்கி பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா" என்று வண்டியை விரட்டினேன். காது மட்டும் சூடாகிவிட்டது. அறுபது தாண்டியவனுக்குக் காது சூடாவதெல்லாம் கண்றாவி.

ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை. சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடும் கெளுத்தி மீன் வறுவல் விருந்து. எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் ஓர் ஆண் ஒரு விதவையைத் தன் வண்டியில் கூட்டிவந்து, அங்கே போட்டிருக்கும் நீள மேசையில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாடீனை அப்படிக் கூட்டிப்போக வேண்டும். அவள் புருஷன் வெர்லின் போய் நாலு வருஷமாகிறது. அந்த நாலு வருஷமும் அவள் வீட்டுக் கூரைக்கு ஒட்டுப் போட்டேன், தண்ணீர் பம்பைக் கழற்றி மாட்டினேன், விறகு பிளந்து அடுக்கினேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் எவ்வளவு காலமாக அவள் என் மனசில் இருந்தாள் என்பதை, வெர்லினின் சிநேகிதனாக இருந்தவன் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

சமையலறை மேசையில் துண்டு விரித்து வைத்திருந்தாள். காபி ஊற்றினாள். பிறகு ரிவால்வரை எடுத்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, குண்டு போடும் உருளையை வெளியே தள்ளி, காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு நீட்டினாள். நானும் ஒருமுறை ஒவ்வொரு துளையாகப் பார்த்தேன். இந்த விஷயத்தில் பாதிரியாரே காட்டித் தந்தாலும் நாம் பார்த்தாக வேண்டும்.

இந்தத் துப்பாக்கியை எனக்கு நன்றாகத் தெரியும். வெர்லின் பாம்பு சுடுவதற்காக வண்டியிலேயே வைத்திருப்பான். அப்போது காக்கா இறக்கை மாதிரி கருநீலமாக மின்னும். இப்போது அந்த மெருகே இல்லை. உறையில் போட்டுப் போட்டு எடுத்தால் குழலின் முனையும் ஓரங்களும்தான் முதலில் வெளுக்கும். இது அப்படியில்லை, பக்கவாட்டு, அடிப்பக்கம், விரல் போகாத இடுக்கு என்று எல்லா இடமும் ஒரே சீராக வெளுத்துப்போயிருந்தது. சரி, நிறைய சுட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, உருளைக்கு மேலே ஓடும் சட்டத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். நிறைய சுட்ட துப்பாக்கியில் அங்கே நெருப்பு அரித்த கோடு விழுந்திருக்கும். கோடே இல்லை. உருளையை உள்ளே தள்ளி, ஆட்டிப் பார்த்தேன். புதுசு போல இறுக்கமாக நின்றது.

மறுபடி திறந்து, குழலின் பின்வாயில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினேன். நகத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஏறும். முன்வாய் வழியாகப் பார்த்தால் குண்டைச் சுழற்றிவிடும் முறுக்கு வரிகள் தெரியும். ஆழத்தில் வரிகள் கூர்மையாகத்தான் இருந்தன. வாய் விளிம்பில் மட்டும் ஒரு பக்கமாக மழுங்கி, வட்டமே கோணிப்போயிருந்தது.

"எவ்வளவு சுட்டிருப்ப?" என்றேன்.

"நானா? ஒரு தடவைகூட சுட்டதில்ல. எனக்கு அந்தச் சத்தமே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"யாருக்காவது இரவல் குடுத்தியா?"

"இத எவனுக்குக் குடுப்பேன்? ஏன், என்ன கொறை?"

வாங்குகிறவன் குறை சொல்லி விலையைக் குறைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். நானோ சும்மா குழல் வாயைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"டாயில், உனக்குப் பொய் வராது. சொல்லு."

"வாய் தேஞ்சிருக்கு. சுட்டுத் தேஞ்சதில்ல. துடைக்கிற கம்பிய முன்னால இருந்து விட்டு விட்டு எடுத்ததுல தேஞ்சது."

அவள் முகம் விழுந்துவிட்டது. துண்டின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"நான் பத்திரமா வச்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றாள். "அவரு ஞாயித்துக்கெழம சாப்பிட்டு முடிச்சதும் இங்கதான் ஒக்காந்து தொடைப்பாரு. அந்த எண்ணெய் வாசம் அடுப்படி பூரா நிக்கும். அவரு போனப்புறம் மொத ஞாயித்துக்கெழம வீடு மொட்டையா இருந்துச்சு. அதான் எடுத்துத் தொடைச்சேன்."

"ஞாயித்துக்கெழம மட்டுமா?"

"மொதல்ல ஞாயித்துக்கெழம மட்டும்தான்."

அவ்வளவுதான். கூரை ஒட்டினேனாம், பம்பு மாட்டினேனாம்! நான் விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போன ராத்திரிகளிலெல்லாம் கதவைச் சாத்திவிட்டு இந்த இரும்பைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறாள். செத்தவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாமலில்லை. பட்டேன்.

"கெட்டுப்போச்சா?" என்றாள்.

"குறி கொஞ்சம் தள்ளிப் போகும். பாம்புக்கு என்ன, அது கணக்கா பாக்கப்போவுது?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏன் விக்கிற நாடீன்?"

"கையில எடுத்தா கீழ வைக்க முடியல. இப்படியே இருந்தா நானும் இதுக்குள்ளயே போயிடுவேன். வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. நீன்னா..." என்று நிறுத்தினாள். நீயென்றால் என்ன? துப்பாக்கி தன் கண்ணுக்கு எதிரேயே இருக்கும் என்றா, நான் அவளுக்கு வேண்டியவன் என்றா? கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வந்தால் நான் ஏன் நாலு வருஷம் விறகு பிளக்கிறேன்? அவள் கேட்ட விலையைக் கொடுத்தேன், துண்டோடு சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டபோது கம்பிவலைக் கதவு அடித்தது. துடைக்கும் கம்பியையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இதுவும் அதோடயே போகட்டும்."

வாங்கிக்கொண்டேன். புட்டியின் மூடி சரியாக இறுகவில்லை; என் கையிலும் பிசுபிசுத்தது. இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று தோன்றியது.

"சனிக்கெழம மீன் வறுவலுக்கு என்கூட வர்றியா?" என்றேன். குரல் பதினாறு வயதுப் பையனுக்கு உடைகிற மாதிரி உடைந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சீட்டில் கிடந்த துண்டு மூட்டையைப் பார்த்தாள்.

"நீ அதத் தொடைப்பியா?"

"தொடைப்பேன்."

"எப்போ?"

'முடியறப்போ' என்று வாயில் வந்த பொய்யை விழுங்கினேன். "ஞாயித்துக்கெழம" என்றேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"ஆமா."

"அப்ப ஞாயித்துக்கெழம உன் வீட்டுக்குச் சோள ரொட்டி கொண்டாறேன்" என்றாள். சனிக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடந்தாள்.

வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். வாசற்படி வரைக்கும் போனவள் அங்கேயே நின்று, எண்ணெய் பட்ட விரல்களை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். நான் வண்டியை நகர்த்தாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.